வெயில் பேட்ரோல்

சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்றால் அடுத்த வாரத்திலிருந்து ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி. வேண்டாம் என்றால் இந்தத் தண்டவாளம், இந்த ஜல்லி, மண்டையைப் பிளக்கிற இந்த வெயில். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பார்கள், கேட்டும் விட்டார்கள். புருஷன் ரீகன் கேட்டான், எதிர்வீட்டு மாலதி கேட்டாள், செக்‌ஷன் இன்ஜினியர் கோபாலரத்தினம் சார் காலையில் போன் செய்தபோது கேட்கவே இல்லை, ‘சாயங்காலம் ஒரு வார்த்தை சொல்லிடும்மா, பேரைச் சேர்த்து அனுப்பிடுறேன்’ என்றார், பந்தியில் இலையைப் போட்டுவிட்டுப் பசிக்கிறதா என்று விசாரிப்பதுபோல. பிரகாசி என்கிற இவளுக்கும் காலையில் அது சரியென்றுதான் பட்டது. இப்போது, பரமக்குடிக்குக் கிழக்கே கருவேலங்காட்டைப் பிளந்துகொண்டு போகிற ஒற்றைப் பாதையில், பச்சைக் கொடியும் சிவப்புக் கொடிகளும் கக்கத்தில் இருக்க, தோளில் பை இழுக்க, சிலீப்பர் கட்டைக்குக் கட்டை கால் வைத்து நடக்கும்போது, அந்தச் சரி தொண்டையிலேயே நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஆபீஸ் என்று நினைத்தாள். மின்விசிறி என்று நினைத்தாள். பானைத் தண்ணீர், கழிப்பறை, மதியம் உட்கார்ந்து சாப்பிடுகிற சோறு. ஒவ்வொன்றும் ஆசையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனாலும் கண் தண்டவாளத்தை விட்டு அகலவில்லை. அதுதான் வேலை. வெயில் ஏறினால் இரும்பு நீளும். இப்போதெல்லாம் தண்டவாளத்தை நடுவில் இடைவெளியே இல்லாமல் ஒட்டவைத்துப் போட்டிருக்கிறார்கள், நீளுகிற இரும்புக்கு முன்னேயும் வழியில்லை, பின்னேயும் வழியில்லை. பொறுக்கிற மட்டும் பொறுத்துவிட்டு ஒரு மத்தியானம் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும். அதன்மேல் ஒரு வண்டி வந்தால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால் ஊரெல்லாம் நிழல் தேடுகிற நேரமாகப் பார்த்து ஒரு ஆள் நடக்க வேண்டும்.

அந்த ஆளுக்கு பேட்ரோல் என்று பெயர். ரோந்து என்ற சொல் போலீஸ்காரர்களுக்கு மட்டும் சொந்தம் என்று எப்படியோ முடிவாகிவிட்டது, தண்டவாளத்தைப் பராமரிக்கிற ரயில்வே கேங்கில் அதை யாரும் தொடுவதில்லை. ‘இன்னைக்கு பேட்ரோல் யாரு?’ என்று கேங்கின் தலைவர் மேட் சீமைச்சாமி காலையில் கேட்பார். ‘நான்தான் பேட்ரோல்’ என்பாள் இவள். நடப்பதும் பேட்ரோல், நடக்கிறவளும் பேட்ரோல். எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு ஜல்லியில் நடக்கிறாளே என்று சொந்தக்காரர்கள் உச்சுக் கொட்டுவார்கள், அவளுக்கோ படித்த படிப்பெல்லாம் இந்த ஒரு சொல்லைச் சுற்றிவரத்தான் என்று சில நாள் தோன்றும். கல்லூரி நூலகத்துத் தடித்த அகராதியில் அதற்கு வேர் போட்டிருந்தது: பாசறையைச் சுற்றிச் சேற்றில் கால் புதையப் புதைய நடப்பது, பிரெஞ்சுச் சிப்பாய்கள் சலித்துப்போய் வைத்த பேர். இங்கே சேற்றுக்கு எங்கே போவது, எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் காய்ந்துவிடும். ஆனால் அந்தச் சலிப்பு அவளுக்குப் புரிந்தது. சொல்லைக் கண்டுபிடித்தவன் நடந்த ஆள்தான், நடக்கச் சொன்ன ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் சாரணியர் படையில் எட்டுப் பெண்கள் சேர்ந்தால் ஒரு பேட்ரோல், அவளுடையது மைனா பேட்ரோல், எதைக் காவல் காத்தோம் என்று இன்றுவரை தெரியாது, தலைவி ஸ்டெல்லாவின் டிபன் டப்பாவைத் தவிர. அதோ நெடுஞ்சாலையில் நீலவிளக்கு வைத்த வண்டி போகிறது, அதன் வயிற்றிலும் அதே சொல்தான் எழுதியிருக்கிறது. இதெல்லாம் பிறகு படித்தது. அவள் பிறந்த கடற்கரையில், ஆப்பிளுக்கும் பந்துக்கும் முன்னால், பிள்ளைகள் கற்றுக்கொள்கிற முதல் ஆங்கிலச் சொல்லே பேட்ரோல்தான். ‘பேட்ரோல் நிக்கிதாம்’ என்று யாராவது சொல்லிக்கொண்டு ஓடினால் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கரைக்குப் போவார்கள். அங்கே அது யாரையும் காக்கிற சொல் இல்லை. கடலில் கண்ணுக்குத் தெரியாத கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற, அக்கரை நாட்டுக் கடற்படையின் சாம்பல் கப்பல். மகள் அதே பேரில் சம்பளம் வாங்குகிறாள் என்பது அம்மாவுக்கு இன்னும் ஒட்டவில்லை, யார் கேட்டாலும் ‘ரயில்வேல இருக்கா’ என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

தண்ணீர் குடிக்க நின்றாள். பாட்டில் தண்ணீர் டீ போடுகிற சூட்டில் இருந்தது. முன்னால் நேர்ப்பாதை முடிந்து வளைவு தொடங்குகிற இடத்தில் தண்டவாளம் நெளிந்தது, நெளிந்து மிதந்தது, வெள்ளி போலத் தண்ணீர் தேங்கி நின்றது. அவள் அசரவில்லை. கானல். பேய்க்குப் பயந்தால் சுடுகாட்டு வேலைக்குப் போக முடியுமா, கானலுக்குப் பயந்தால் வெயில் பேட்ரோலுக்கு வர முடியுமா. ஆனால் போன வருஷம் பயந்தாள். இதே மாதம், இதே மாதிரி நெளிவு, அவள் சத்தியமாக வளைந்திருக்கிறது என்று நம்பிச் சிவப்புக் கொடியைக் காட்டி ஒரு வண்டியை நிறுத்திவிட்டாள். மேட் வந்து நூல் பிடித்துப் பார்த்தார். தண்டவாளம் நூலுக்குப் பாடம் எடுக்கிற நேர்த்தியில் இருந்தது. கேங்கில் இது பெரிய குற்றமே இல்லை. இருபது வருஷம் நடந்தவர்களும் ஒரு தடவையாவது கானலுக்கு வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள், சீமைச்சாமி நிறுத்தியபோது வண்டிக்குள் அவருடைய சம்பந்தி உட்கார்ந்திருந்தாராம். அதற்கு ஒரு வழக்கமும் உண்டு. கானலுக்கு ஏமாந்தவர் மறுநாள் கேங்குக்கு நுங்கு வாங்கித் தர வேண்டும், எல்லாரும் மரத்தடியில் உட்கார்ந்து நுங்கை உறிஞ்சிக்கொண்டே அவரைப் போட்டு வறுத்தெடுப்பார்கள், அத்தோடு கணக்குத் தீர்ந்தது. மறுநாள் பிரகாசி நுங்குக்காரரை நிறுத்திவைத்துக் காத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. ‘நீ போத்தா, வெயில்ல நிக்காத’ என்றார்கள். குரலில் இரக்கம். அந்த இரக்கம் அவளை அறைந்த மாதிரி இருந்தது. ஏமாந்த ஆம்பளை நுங்கு வாங்கித் தருவான், ஏமாந்த பொம்பளையை ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். அன்றைக்குத்தான் இந்த நாற்காலிப் பேச்சு தொடங்கியது. அதை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது, அது வெயிலால் இல்லை.

ரீகன் கெட்டவன் இல்லை. கடையில் வண்டி உதிரிபாகம் விற்கிறவன், எல்லாவற்றுக்கும் மாற்றுப் பாகம் உண்டு என்று நம்புகிறவன். ‘ஒருத்தரும் உன்னையத் தப்பா நினைக்க மாட்டாங்க. படிச்ச படிப்புக்கு ஆபீசுதானே பொருத்தம்?’ என்றான். பிறகு, விளக்கை அணைத்த பிறகு, ‘மறுபடி ஒருக்கா அப்படி ஆச்சுன்னா கேவலமாயிரும் பிரகாசி’ என்றான். மறுபடி ஒருக்கா. அந்தச் சொல் செருப்புக்குள் புகுந்த ஜல்லிபோலக் காலையிலிருந்து கூடவே வந்தது. அவள் வளைவுக்கு வந்துவிட்டாள். கிட்டே வந்தால் கானல் கலைந்து இன்னும் தள்ளிப் போய்விடும், அது அதன் குணம். கலைந்தது. தண்ணீர் காணாமல் போனது. நெளிவு மட்டும் போகவில்லை.

குனிந்து பார்த்தாள். குனிந்தால் தப்பு, தரையோடு தரையாகப் பார்த்தால் கானல் இன்னும் ஏய்க்கும் என்று மேட் சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வந்து நிமிர்ந்தாள். நிமிர்ந்து பார்த்தாலும் இடது தண்டவாளம் ஒரு இடத்தில் வெளிப்பக்கம் லேசாக வயிறு தள்ளியிருந்தது. லேசாகத்தான். வளைவுதானே, வளைந்துதான் இருக்கும். வளைவுக்குள் ஒரு வளைவு என்றால்? கண்ணை மூடித் திறந்தாள். இருந்தது. பக்கத்துக் கட்டைக்குப் போய்ப் பார்த்தாள். இல்லாத மாதிரி இருந்தது. திரும்பி வந்தாள். இருந்தது. கட்டையின் நுனியில் ஜல்லி ஒட்டிக் கிடக்க வேண்டும். ஒதுங்கியிருந்தது, விரல் நுழைகிற சந்து. கட்டை நகர்ந்தால் இப்படித்தான் சந்து விழும். ஆடு ஓட்டிப் போகிறவர்கள் மிதித்தாலும் இப்படித்தான் விழும். நேற்று இருந்ததா? நேற்று இங்கே நடந்தபோது எதை யோசித்துக்கொண்டிருந்தாள்? நேற்று மின்விசிறியை யோசித்தாள். பாவி, நேற்று அவள் மின்விசிறியைத்தான் யோசித்தாள். மண்டியிட்டுத் தண்டவாளத்தில் கை வைத்தாள், தோசைக்கல்லில் வைத்த மாதிரிச் சுட்டது, இழுத்துக்கொண்டாள். ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் வருகிற நேரம். போனில் மேட் சீமைச்சாமியைக் கூப்பிட்டாள். பக்கத்துக் கேட்டில் இருக்கிறோம், நூலோடு வருகிறேன் என்றார், அவர் வந்து சேருமுன் வண்டி வந்துவிடும். ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிட்டாள்.

‘வண்டி கிளம்பிருச்சும்மா. நிப்பாட்டுற நேரம் போயிருச்சு’ என்றார் அவர். ‘என்ன பாத்த?’

‘வளைவுல நகந்திருக்கு சார். இடது பக்கம்.’

அவர் மெதுவாக, அவமானப்படுத்துகிற எண்ணமே இல்லாமல், ‘நல்லாப் பாத்தியாத்தா? போன வருசம் மாதிரி...’ என்றார்.

நல்லாப் பார்த்தாயா. எவ்வளவு பார்த்தால் நல்லாப் பார்த்தது ஆகும்? உறுதியாகத் தெரிகிற வரைக்கும் பார்க்கலாம். உறுதியாகத் தெரிகிற இடம் எது என்று அவளுக்குத் தெரியும், வண்டியின் முதல் சக்கரம் இந்தக் கட்டைமேல் ஏறுகிற இடம். அப்போது அப்பா நினைவு வந்தது, அழைக்காமலே. அப்பா சந்தியாகு ஒரு தடவை தூரத்து வெளிச்சத்தைப் பார்த்துப் பேட்ரோல் என்று பயந்து, பாதி இழுத்த வலையைக் கத்தியால் அறுத்துக் கடலில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அது பேட்ரோல் இல்லை, சரக்குக் கப்பல். கரையில் சிரிப்பு அடங்க மாதக்கணக்கானது, கோவில் திருவிழாவில்கூட ‘சந்தியாகு அண்ணே, கப்பல் வருது’ என்று கத்துவார்கள், அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அடுத்த தடவை வெளிச்சம் தெரிந்தபோது கத்தி கையில்தான் இருந்தது. அறுக்கவில்லை. நல்லாத் தெரியட்டும் என்று நின்றார். நல்லாத் தெரிந்தது. அக்கரைச் சிறையிலிருந்து அவர் திரும்பி வந்தபோது அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள், ஆளை அடையாளம் தெரியவில்லை. பிரகாசி அப்போது எட்டாவது படித்தாள். ஏன்பா உடனே வரல, பயந்துட்டீங்களா என்று கேட்டாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ‘பயந்திருந்தா வந்திருப்பேன் பாப்பா. சிரிப்பாங்கன்னு நின்னுட்டேன்.’

‘சார், நான் நிப்பாட்டப் போறேன்’ என்றாள் பிரகாசி போனில். அவர் பதிலைக் கேட்க நிற்கவில்லை.

ஒரு சிவப்புக் கொடியை அந்த இடத்திலேயே ஜல்லிக்குள் குத்தி நட்டாள். இன்னொன்றை விரித்துக்கொண்டு வந்த வழியே, வண்டி வருகிற பக்கமாக ஓடினாள். ஜல்லியில் ஓட்டம் என்று ஒன்று கிடையாது, விழாமல் விழுவதுதான். பை இடுப்பில் அடித்தது. ஓட ஓட மனசு பின்னாலேயே இழுத்தது: திரும்பிப் பார், ஒரே ஒரு தடவை, அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓடு. பார்க்கக் கூடாது. பார்த்தால் இல்லாமல் இருக்கும். இல்லாமல் இருந்தால் கால் நின்றுவிடும். சிரிக்கட்டும். மாலதி சிரிக்கட்டும், கேங்கு சிரிக்கட்டும், ரீகன் சிரிக்க மாட்டான், முகத்தைத் திருப்பிக்கொள்வான், அது இன்னும் மோசம், அதுவும் ஆகட்டும். நாற்காலியைக் கொடுத்து உட்காரவைப்பார்கள், உட்கார்ந்துகொண்டால் போயிற்று, நாற்காலி என்ன கடிக்கவா போகிறது. இந்த வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். மூச்சு வாங்கியது. பள்ளிக்கூடத்து ஸ்டெல்லா ஏனோ நினைவுக்கு வந்தாள், வாய் நிறைய அடுத்தவள் இட்லியோடு. போதுமான தூரம் வந்ததும் குனிந்து தண்டவாளத்தில் பட்டாசை வைத்தாள். கேங்கில் பட்டாசு என்பார்கள், வட்டமாக ஒரு தகரப் பில்லை, இன்ஜின் ஏறினால் வெடிக்கும், டிரைவர் கொடியைப் பார்க்காவிட்டாலும் காதால் கேட்டு நிறுத்துவார். அதன் பட்டைகளைத் தண்டவாளத்தைப் பிடிக்கும்படி மடக்கினாள். பயமாக இருந்தது, வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்ளலாம், வண்டியின் மேல் பயமில்லை, ஒன்றும் இல்லாத இடத்தில் மறுபடியும் நிற்கப்போகிறோமோ என்ற பயம். இருக்கட்டும். பயத்தோடும் பட்டையை மடக்கலாம். ஒன்று வைத்து, எழுந்து ஓடி, தள்ளிப் போய் வரிசையாக மற்றவற்றையும் வைத்து, பாதையை விட்டு இறங்கிக் கொடியைத் தலைக்கு மேல் விரித்தாள். தண்டவாளம் முதலில் பேசியது, பிறகுதான் இன்ஜின் தெரிந்தது, அதுவும் கானலில் கால் இல்லாமல் மிதந்துகொண்டு வந்தது. அவள் கொடியை ஆட்டினாள். ஊதலை ஊதினாள். பட்டாசு அடுத்தடுத்து வெடித்தது, கருவேலங்காட்டுக் கொக்குகள் கூட்டமாகக் கிளம்பின, பிரேக் பிடிக்கிற கிறீச்சல் பல்லுக்குள் இறங்கியது. பெட்டிகள் அவளைத் தாண்டி, தாண்டி, தாண்டி, மெதுவாகி, அவள் நட்டுவைத்த கொடிக்கு முன்னால் நின்றன.

அவள் இன்ஜின்வரை ஓடி வந்தபோது டிரைவர் இறங்கவில்லை, சன்னலில் தலையை நீட்டி ‘என்னம்மா?’ என்றார். அவள் வளைவைக் காட்டினாள். சீமைச்சாமி கேங்கோடு வந்து சேர்ந்து நூலைப் பிடித்தபோது அவள் பத்தடி தள்ளி நின்றாள். தன் கண்ணை நம்பி ஒரு வண்டியை நிறுத்தியாயிற்று, இனி அந்தக் கண்ணால் பார்க்க என்ன இருக்கிறது. மேட் நூலை இழுத்தார், தளர்த்தினார், மறுபடி இழுத்தார், அளந்தார். தலையைச் சொறிந்தார். ‘நகந்துதான் இருக்கு. ரொம்ப இல்ல’ என்றார். ‘இன்னைக்கு நகந்துச்சா, இன்னும் நகருமா, தாங்குமா தாங்காதாங்கிறதெல்லாம் வண்டி போனாத்தான்த்தா தெரியும்.’ பின்னால் நின்றவர்களில் ஒருவன் சிரித்தானா என்று அவள் பார்க்கவில்லை. ஜல்லியை வாரிக் கட்டை நுனியில் இறுக்கினார்கள், கிளிப்புகளை அடித்தார்கள், ஈரச் சாக்கைத் தண்டவாளத்தின்மேல் போட்டு நீர் ஊற்றினார்கள், இரும்பு சீறியது. வெகுநேரம் கழித்து, ஆள் நடக்கிற வேகத்தில் வண்டியை விட்டார்கள். மேட் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். பெட்டி பெட்டியாக வியர்த்த முகங்கள் போயின, கடைசிப் பெட்டிகளில் ஒன்றின் சன்னலில் விசிறிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் ‘என்னங்க ஆச்சு?’ என்று கேட்டாள். ‘ஒண்ணும் ஆகலம்மா’ என்றாள் பிரகாசி. ‘ஒண்ணும் ஆகாததுக்கா இந்த வெயில்ல இத்தனை நேரம் போட்டுவச்சீங்க’ என்று அந்த அம்மாள் எரிந்து விழுந்தாள், சன்னல் நகர்ந்துவிட்டது.

கோபாலரத்தினம் சார் சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை. போன் வந்தபோது அவள் வளைவில் கால் நீட்டி உட்கார்ந்து செருப்பிலிருந்து கல்லைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

‘சீமைச்சாமி அளவைச் சொன்னான்’ என்றார். ‘ரெண்டுங்கெட்டானா இருக்கு. வண்டி போயிருந்தாலும் போயிருக்கும்மா.’

‘போயிருக்கும் சார்.’

‘மேலே கேட்பாங்க. லேட்டுக்கு நான்தான் பதில் எழுதணும்.’

‘தெரியும் சார். போகாமலும் இருந்திருக்கும். எனக்கு ரெண்டும் தெரியாது.’ அவளுக்குத் தன் குரல் இவ்வளவு நிதானமாக வருவது அதிசயமாக இருந்தது. தொண்டையில் நின்றிருந்த அந்தச் சரி எங்கே போனது என்று தெரியவில்லை. ‘தெரியாதப்பல்லாம் நான் நிப்பாட்டுவேன் சார். அடுத்த தடவை வெறும் கானலா இருந்தாலும் நிப்பாட்டுவேன், அதுக்கு அடுத்த தடவையும் நிப்பாட்டுவேன். அது சரிப்படாதுன்னா இப்பவே சொல்லிருங்க, ஆபீசுக்கு வந்துர்றேன். சரிப்படும்னா எனக்கு நாற்காலி வேணாம்.’

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. அவர் யாரிடமோ ஏதோ கேட்டார், காகிதம் புரண்டது, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

‘நாளைக்கு பேட்ரோல் யாருன்னு இன்னும் போடல’ என்றார்.

‘நான்தான் சார்’ என்றாள் பிரகாசி. எழுந்து சிவப்புக் கொடிகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். அன்றைய நடையில் இன்னும் பாதி மிச்சமிருந்தது. வெயில் இறங்கவில்லை.